மேட்டில் இழுக்காத லாரி

கேள்வி: மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்குச் சரக்கு ஏற்றி வரும் எங்கள் டீசல் லாரி, மேட்டில் இழுக்காமல் கரும்புகை கக்குகிறது. டர்போவை மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்பட்டு மாற்றிவிடாதீர்கள். கரும்புகை, எரியும் டீசலுக்கு ஏற்ற காற்று கிடைக்கவில்லை என்பதற்கான அடையாளமே தவிர, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ கெட்டுவிட்டது என்பதற்குச் சான்றாகாது. முதலில் ஏர் ஃபில்டரையும், டர்போவிலிருந்து இன்டர்கூலர் (சூடான காற்றைக் குளிர்விக்கும் பகுதி) வழியாக இன்ஜினுக்குச் செல்லும் ரப்பர் ஹோஸ்களையும், அவற்றின் கிளாம்புகளையும் பாருங்கள். லோடில் ஏறும்போது ‘உஸ்’ என்ற சத்தம் கேட்டால் பெரும்பாலும் அங்கேதான் கசிவு இருக்கும். நீலப்புகை வந்து, ஆயிலும் குறைந்து, இன்ஜின் ஆறிய பின் கையால் அசைத்துப் பார்க்கும்போது டர்போவின் காற்றுப் பக்கச் சக்கரம் உறையில் உரசினால் டர்போவைக் கழற்றியே ஆக வேண்டும். நிமிடத்திற்கு 1,00,000 சுற்றுகளைத் தொடும் அதன் ஷாஃப்ட் மெல்லிய ஆயில் படலத்தின் மீதுதான் சுழல்கிறது. ஆகவே தரமான ஆயிலை உரிய காலத்தில் மாற்றுங்கள், மேடேறி நின்றவுடன் இன்ஜினை அணைக்காமல் 3 நிமிடமாவது ஐடிலிங்கில் ஓடவிடுங்கள்.