32 பிட் கணினிகளில் டைம்_டி-யை 64 பிட்டாக மாற்றுவது ஏன் இவ்வளவு இழுத்தது?

கேள்வி: பழைய 32 பிட் ஏஆர்எம் பலகைகளில் ஓடும் எங்கள் சி நிரல் 2038-ஐத் தாண்ட வேண்டும். நேரத்தை விநாடிகளாக வைக்கும் டைம்_டி (time_t) வகையைத் தலைப்புக் கோப்பில் 64 பிட் ஆக்கினால் போதாதா? லினக்ஸின் வழக்கமான சி நூலகமான ஜிலிப்சி (glibc) இதற்கு ஏன் 2021 வரை எடுத்துக்கொண்டது?

போதாது. அந்த ஒரு வரியை மாற்றுவது யாருக்கும் பெரிய வேலையாக இருந்ததில்லை. மாற்றிய பிறகு, ஏற்கெனவே கம்பைல் ஆகி ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் கதி என்ன என்பதில்தான் ஆண்டுகள் கரைந்தன.

குறியுடைய 32 பிட் எண்ணின் உச்சம் 2147483647. 1970 தொடக்கத்திலிருந்து அத்தனை விநாடிகள் கழியும் கணம், இந்திய நேரப்படி 2038 ஜனவரி 19, காலை 8:44:07. அடுத்த விநாடி கடிகாரம் 1901 டிசம்பருக்குப் புரண்டுவிடும். 'குறியை நீக்கினால் 2106 வரை ஓடுமே' என்று ஒருவர் எப்போதும் கேட்பார். ஓடும், ஆனால் 1970-க்கு முன் பிறந்த எவருடைய பிறந்த தேதியையும் அதில் வைக்க முடியாது. பிழையைத் தெரிவிக்கும் -1-க்கும் பொருள் போய்விடும்.

இனி உண்மையான சிக்கல். விநாடியையும் நானோவிநாடியையும் சேர்த்து வைக்கும் டைம்ஸ்பெக் என்ற கட்டமைப்பு 32 பிட் கணினியில் 8 பைட். டைம்_டி-யை அகலமாக்கினால் அது 16 பைட் ஆகிறது. பழைய நிரல் 8 பைட் இடம் ஒதுக்கிக் கொடுக்க, புதிய நூலகம் அதில் 16 பைட் எழுதினால், பக்கத்தில் இருந்த மாறி அழியும். கம்பைலர் எச்சரிக்காது, அது பார்த்த தலைப்புக் கோப்பு வேறு. கோப்பு விவரம் தரும் ஸ்டாட் கட்டமைப்புக்கும் இதே கதைதான். அது மட்டுமா, உங்கள் நிரலும் நீங்கள் இணைக்கும் மூன்றாவது ஒரு நூலகமும் வெவ்வேறு அகலத்தில் கம்பைல் ஆகியிருந்தாலும் இதே விபத்து நடக்கும். ஜிலிப்சி எவ்வளவு கவனமாக இருந்தாலும் இதைத் தடுக்க முடியாது.

ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளம் 2014-இல் வெளியான 5.5 பதிப்பில் டைம்_டி-யை 64 பிட்டாக்கி ஒரே வெட்டாக வெட்டியது. கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி), நூலகம், தொகுப்புகள் எல்லாம் ஒரே வீட்டில் உருவாவதால், 'பழையது ஓடாது, எல்லாவற்றையும் புதிதாக நிறுவுங்கள்' என்று சொல்ல அவர்களால் முடிந்தது. லினக்ஸில் அப்படி ஆணையிட ஆளில்லை. ஆர்ண்ட் பெர்க்மன், தீபா தினமணி போன்றோர் பல ஆண்டுகள் கெர்னலுக்குள் துண்டு துண்டாக வேலை செய்து, 2019-இல் 5.1 பதிப்பில் 64 பிட் நேரத்துக்கான புதிய சிஸ்டம் கால்கள் (நிரல் கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்புகள்) வந்தன. 2020-இன் 5.6-இல்தான் கெர்னல் பக்கம் ஏறக்குறைய முழுமையானது. கெர்னல் தராததை நூலகம் எங்கிருந்து தரும்?

அதே 2020-இல், ஜிலிப்சிக்கு மாற்றான இன்னொரு சி நூலகமான மஸ்ல் (musl) 1.2.0 பதிப்பில் எல்லா 32 பிட் செயலி வகைகளிலும் டைம்_டி-யை 64 பிட் ஆக்கியது. பழைய நிரல்கள் தேடும் பெயர்களில் பழைய அகலத்துச் சார்புகள் அப்படியே இருக்கும். புதிதாகக் கம்பைல் ஆகுபவை தலைப்புக் கோப்பு வழியாக வேறு பெயருள்ள புதிய சார்புகளுக்குத் திருப்பிவிடப்படும். ஜிலிப்சி 2.34-உம் இதே உத்தியைத்தான் கையாள்கிறது. ஆனால் கம்பைல் செய்யும்போது டைம்_பிட்ஸ் (_TIME_BITS) மேக்ரோவுக்கு நீங்கள் 64 என்று மதிப்புக் கொடுத்தால் மட்டுமே. கொடுக்காவிட்டால் இன்று எழுதும் புத்தம்புதிய நிரலும் 32 பிட்டில்தான் பிறக்கும். இது எனக்கு உறுத்தல்தான். பழைய நிரல்களைக் காக்கப் பெயர் திருப்பமே போதும் என்றாலும், நூலகத்துக்கு நூலகம் பேசும் இடங்களில் உடையும் என்ற அச்சத்தில் சுமையை டெபியன் போன்ற லினக்ஸ் விநியோகங்களின் தலையில் வைத்துவிட்டார்கள்.

டெபியன் அதைச் சுமந்தது. பாதிக்கப்படும் நூலகத் தொகுப்புகளின் பெயரில் 'டி64' என்று வால் ஒட்டி, 2025-இல் வந்த 13-ஆம் பதிப்பில் 32 பிட் ஏஆர்எம்மை மாற்றியது. 64 பிட் கணினிக்காரர்களும் அந்த வாலைப் பார்த்துக் குழம்பினார்கள்; அவர்களுக்கு அகலம் ஏதும் மாறவில்லை. ஐ386-ஐ (இன்டெல் வகை 32 பிட் கணினிகளுக்கான பதிப்பை) மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள்: மூலநிரல் இல்லாத பழைய மென்பொருளை ஓட்டுவதுதான் இன்று அதன் பிழைப்பே.

இத்தனை கவனத்துக்கு நடுவிலும் எதிர்பாராத மூலையில் இடித்தது. 2021-இல் ஆல்பைன் என்ற லினக்ஸ் விநியோகத்தின் 3.13 பதிப்பு மஸ்ல் 1.2-க்கு மாறியதும், பழைய ராஸ்பெர்ரி பை அமைப்புகளில் டாக்கர் கொள்கலன்களுக்குள் (நிரலைத் தனிமைப்படுத்தி ஓட்டும் பெட்டிகளுக்குள்) தேதி தாறுமாறாகத் தெரிந்தது. புதிய சிஸ்டம் காலை அறியாத பழைய பாதுகாப்பு வடிகட்டி, 'இப்படி ஒன்று இல்லை' என்று சொல்லாமல் 'அனுமதி இல்லை' என்று சொன்னது. இல்லை என்றிருந்தால் மஸ்ல் பழைய வழிக்குத் திரும்பியிருக்கும். அனுமதி மறுப்பைக் கேட்டு அது திரும்பவில்லை. அந்த வடிகட்டிக்குப் பின்னால் இருக்கும் லிப்செக்காம்ப் நூலகத்தைப் புதுப்பித்தால் சரியாகிவிடும். உங்கள் பலகையில் கொள்கலன் இருந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

உங்கள் வேலைக்கு வருவோம். டைம்_பிட்ஸ், கோப்பு அளவுகளின் அகலத்தைக் குறிக்கும் ஃபைல்_ஆஃப்செட்_பிட்ஸ் (_FILE_OFFSET_BITS) இரண்டையும் 64 ஆக்குங்கள். முதலாவதை மட்டும் வைத்தால் தலைப்புக் கோப்பே பிழை சொல்லி நிறுத்தும். நிரலையும் அது இணைக்கும் நூலகங்களில் நேரத்தைக் கைமாற்றும் அனைத்தையும் ஒருசேரக் கம்பைல் செய்யுங்கள். நேரத்தை, லாங் எண்ணுக்கான '%எல்டி' (%ld) கொண்டு அச்சிடும் இடங்களைத் தேடுங்கள். 32 பிட்டில் லாங் இன்னும் 4 பைட்தான்; பின்னால் வரும் மதிப்புகளும் நகர்ந்து குப்பையாகும். லாங் லாங்காக மாற்றி '%எல்எல்டி' போடுங்கள்.

நேரத்தை 4 பைட்டாகக் கோப்பில் எழுதிய பழைய பதிவுகளுக்கு எந்த நூலகமும் உதவாது. பதிப்பு எண் சேர்த்து, படிக்கும் பகுதியை நீங்களே எழுத வேண்டும். பலகையில் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமை இருந்தால் ஐநோட் (ஒவ்வொரு கோப்பின் விவரங்களையும் வைக்கும் பதிவு) அளவையும் பாருங்கள். 256 பைட் என்றால் 2446 வரை கவலையில்லை. சிறிய வட்டுகளில் 128 பைட்டாக உருவாக்கியிருந்தால் கோப்பின் தேதிகள் 2038-இலேயே நிற்கும். வட்டை மறுபடி ஃபார்மேட் செய்வதுதான் பாதுகாப்பான வழி.