தடுப்பை எடுத்தீர்கள், தட்டையும் எடுத்துக்கொண்டு போனீர்கள்

கேள்வி: ஓர் ஆய்வு நிறுவனத்தில் மூன்று குழுக்களுக்குத் தலைவராக இருக்கிறேன். ஓராண்டுக்கு முன் தடுப்புச் சுவர்களை அகற்றி, எல்லோரையும் ஒரே கூடத்தில் அமர்த்தினோம். சோஃபாக்கள், காபி இயந்திரம் எல்லாம் வைத்தோம். ஆனால், எல்லோர் காதிலும் ஹெட்போன். ஒரு குழு தோற்றுக் கைவிட்ட சோதனையை இன்னொரு குழு இரண்டு மாதம் மறுபடி செய்திருக்கிறது. வேலைப்பளுவால் நான் மதிய உணவை மேல்தளத்தில் என் அறையிலேயே முடித்துக்கொள்கிறேன். இருக்கை அமைப்பை இன்னொரு முறை மாற்றலாமா?

பதில்: சுவரை இடித்தால் பேச்சு பெருகும் என்று உங்களிடம் யார் சொன்னார்கள்? திறந்த கூடத்துக்கு மாறிய இரண்டு பெருநிறுவனத் தலைமையகங்களை அளந்து பார்த்த ஆய்வொன்று 2018இல் வெளிவந்தது. நேருக்கு நேர் பேசும் நேரம் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்து, மின்னஞ்சல் பெருகியது. நாற்புறமும் கண்கள் இருக்கும் இடத்தில், 'எனக்கு இது புரியவில்லை' என்று எவரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சுவர் போனபின் அவர்களுக்கு மிஞ்சிய ஒரே கதவு அந்த ஹெட்போன்தான், அதைப் பிடுங்கிவிடாதீர்கள்.

ஆனால், உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது கூடமல்ல, போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்ட அந்த மதிய உணவு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் தாமஸ் ஆலன், ஆய்வுக்கூடப் பொறியாளர்களை ஆண்டுக்கணக்கில் கவனித்து 1977இல் எழுதிய நூலில், மேசைகளுக்கு இடையிலான தொலைவு கூடக்கூடத் தொழில்பேச்சு சரசரவெனச் சரிவதையும், சில பத்து மீட்டர்களுக்குள்ளேயே அது ஏறத்தாழ அற்றுப்போவதையும் காட்டினார். தளம் மாறினால் கேட்கவே வேண்டாம். அப்படியானால் உங்கள் நிறுவனத்தில் எல்லோருக்கும் மிகத் தொலைவில் அமர்ந்திருப்பவர் யார்?

கேம்பிரிட்ஜில் 1962இல் மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தைத் தொடங்கியபோது, வேதியியலாளர் மாக்ஸ் பெரூட்ஸ் அங்கே ஓர் உணவகம் வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். வெவ்வேறு பிரிவினர் காலைக் காபிக்கும் மதிய உணவுக்கும் மாலைத் தேநீருக்கும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்பதே நோக்கம். அவருடைய மனைவி கிசேலா அதை இருபது ஆண்டுகளுக்கும் மேல் நடத்தினார். நோபல் பரிசு பெற்றவரின் மனைவி ஏன் சமையலறைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று நீங்கள் கேட்கக்கூடும். பந்தியில் யார் யாருக்கு அருகில் அமர்கிறார்கள் என்பதைக் கவனிப்பது வீட்டுப் பெரியவர்களின் வேலை என்று நம்புகிறவள் நான். அதில் எனக்கு வியப்பில்லை.

குடும்பத் தலைவர் தன் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டால், கீழே பிள்ளைகள் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசுவார்களா? வேலைப்பளு என்கிறீர்கள். மூன்று குழுக்களுக்கு இடையே செய்தியைக் கொண்டுசெல்வதைவிடப் பெரிய வேலை உங்களுக்கு என்ன இருக்கிறது? அந்தச் சோதனை தோற்ற செய்தியை முதல் குழு எங்கே, எவரிடம் சொல்லியிருக்க முடியும்? தோல்வியை யாரும் அறிக்கையாக எழுதுவதில்லை. கை கழுவும்போது பக்கத்தில் நிற்பவரிடம் சலிப்போடு சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை கீழே இறங்கிச் சாப்பிடுங்கள். முதல் வாரம் உங்களைக் கண்டதும் பேச்சு அடங்கும். பொறுத்துக்கொண்டு, நீங்களே தோற்ற ஒரு சோதனையைச் சொல்லுங்கள். கதவுள்ள சிறிய அறைகள் இரண்டு மூன்றைத் திருப்பிக் கட்டுங்கள். காபி இயந்திரத்தை மூன்று குழுக்களும் கடந்தாக வேண்டிய வழியில் வையுங்கள். வேறு எதையும் இப்போதைக்கு நகர்த்த வேண்டாம்.