அக்சஸ் குவெரியில் திடீரென 'டேட்டா டைப் மிஸ்மேட்ச்' பிழை ஏன் வருகிறது?

மைக்ரோசாஃப்ட் அக்சஸ் டேட்டாபேஸில் நேற்று வரை ஓடிய குவெரி (தரவைத் தேடி எடுக்கும் கட்டளை), கையே வைக்கவில்லை, இன்று 3464 என்ற எண்ணோடு, தரவு வகை பொருந்தவில்லை என்று பிழை காட்டுகிறது என்கிறீர்கள். அப்படியென்றால் பெரும்பாலும் மாறியிருப்பது குவெரி இல்லை, உள்ளே வந்த தரவு.

முதலில் டேபிளை டிசைன் வியூவில் திறந்து, நிபந்தனை போட்ட ஃபீல்டு என்ன வகை என்று பாருங்கள். டெக்ஸ்ட் என்றால் நிபந்தனையில் உள்ள மதிப்புக்கு மேற்கோள் குறி வேண்டும், எண்ணுக்குக் கூடாது, தேதிக்கு இருபுறமும் #. பில் எண் 1045 பார்க்க எண் மாதிரிதான் இருக்கும், ஆனால் ஃபீல்டு டெக்ஸ்ட் என்றால் =1045 என்று கேட்டால் அடம்பிடிக்கும், ="1045" என்றால் கொடுத்துவிடும். லுக்கப் ஃபீல்டு இன்னும் மோசம்: திரையில் வாடிக்கையாளர் பெயரைக் காட்டிக்கொண்டு உள்ளே அவருடைய ஐடி எண்ணைத்தான் வைத்திருக்கும், அதனால் நிபந்தனையில் பெயரைக் கொடுத்தால் இதே பிழைதான். (எனக்கு அதைக் கண்டாலே ஆகாது.)

இதெல்லாம் சரி என்றால், உங்கள் விஷயத்தில் என் சந்தேகம் சிடேட் (CDate, டெக்ஸ்டைத் தேதியாக மாற்றும் ஃபங்ஷன்) மேல்தான். டெக்ஸ்டாக வந்த தேதியை அதை வைத்து மாற்றி, அந்த நெடுவரிசையிலேயே நிபந்தனையும் போட்டிருந்தால், ஒரே ஒரு வரியில் தேதி காலியாகவோ 31-02-2024 என்றோ இருந்தாலும் போதும், மொத்தக் குவெரியும் படுத்துவிடும். நிபந்தனையைத் தற்காலிகமாக எடுத்துவிட்டு ஓட்டுங்கள், அந்த வரியில் மட்டும் #எரர் என்று தெரியும். ஆயிரக்கணக்கில் வரிகள் இருந்தால் கண்ணால் தேட வேண்டாம். மூல ஃபீல்டின் மேல் இஸ்டேட் (IsDate, மதிப்பு சரியான தேதியா என்று சொல்லும் ஃபங்ஷன்) போட்டுப் புதிய நெடுவரிசை ஒன்று சேர்த்து, அதன் நிபந்தனையில் ஃபால்ஸ் என்று கொடுங்கள், கெட்ட வரிகள் மட்டும் வரிசையாக வந்து நிற்கும். அவற்றைத் திருத்திய அப்புறம் பழைய நிபந்தனையைத் திரும்பப் போடுங்கள்.