இன்ஜின் ஓடுகிறது, கரண்ட் வரவில்லை: முதலில் கார்பன் பிரஷ்

நாலு மாதம் மூடி வைத்திருந்த டீசல் வெல்டிங் ஜெனரேட்டர், இன்ஜின் நன்றாக ஓடியும் வெல்டிங் ராடு பிடிக்கவில்லை, 230 வோல்ட் பிளக்கிலும் கரண்ட் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே செத்திருப்பதால் வெல்டிங் கேபிளைச் சந்தேகப்பட வேண்டாம். ஜெனரேட்டருக்குள் சுழலும் பாகமான ரோட்டாருக்குக் காந்தம் ஏறவில்லை.

உங்களுடையது, ரோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் வைத்த மாடல் என்றால், இன்ஜினை நிறுத்தி, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, பின்மூடியைத் திறங்கள். மழைக்கால ஈரத்தில், பிரஷ் உரசும் வளையமான ஸ்லிப் ரிங் கறுத்திருக்கும், கார்பன் பிரஷ் கூட்டுக்குள்ளேயே சிக்கியிருக்கும். நைசான உப்புத்தாளால் ரிங்கை லேசாகத் தேய்த்தால் போதும். எமரித் தாள் மட்டும் வேண்டாம், அதன் துகள் கரண்டைக் கடத்தும். பிரஷ் மேலும் கீழும் தாராளமாக நகர வேண்டும். தேய்ந்து குட்டையாகியிருந்தால் ஜோடியாக மாற்றுங்கள்.

இதற்கும் வரவில்லையா? சும்மா கிடந்ததில் ரோட்டாரின் மிச்சக் காந்தம் போயிருக்கலாம். 12 வோல்ட் பேட்டரியால் திரும்ப ஏற்றலாம். ஆனால் துருவம் (பிளஸ், மைனஸ்) மாற்றிக் கொடுத்தால் கன்ட்ரோல் போர்டு புகைந்துவிடும், காயில் சுற்றும் வைண்டிங்காரரிடம் விடுங்கள்.

மூடியைத் திறந்த கையோடு உள்ளே இரும்புத் தூசி இருக்கிறதா பாருங்கள். கிரைண்டரை ஜெனரேட்டரின் காற்று இழுக்கும் பக்கம் வைத்து ஓட்டுவது நம் ஆட்களின் பழைய வழக்கம்! அந்தத் தூசி வைண்டிங்கில் படிந்தால் ஷார்ட்தான். காய்ந்த காற்றை மெதுவாக ஊதி எடுங்கள்.

அப்புறம், டீசல் ஃபில்டரில் தண்ணீர் தேங்கியிருக்கும், வடித்துவிடுங்கள். வேலை இல்லாத மாதத்திலும் ஒருமுறை அரைமணி நேரம் லோடு கொடுத்து ஓட்டுங்கள்.