பெர்ன்ட் ஆங்கர்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

18-ஆம் நூற்றாண்டு நார்வேயின் மர வணிகர் பெர்ன்ட் ஆங்கர் (1746–1805) பற்றி வந்த கேள்விகள் இவை.

இவர் அரசு அதிகாரியா, வியாபாரியா?
தொழில் மரம்தான். அப்போது நார்வேயையும் ஆண்ட டென்மார்க் மன்னர் தந்த அரண்மனைப் பட்டமும் இருந்தது. 1778-இல் குடும்பமே பிரபு வர்க்கத்தில் சேர்ந்தது.

காட்டு மரம் கப்பலுக்கு எப்படி வந்தது?
எனக்கு மிகப் பிடித்த கேள்வி! குளிர்காலத்தில் வெட்டுவார்கள், பனி இருந்தால்தான் குதிரை கட்டையை ஆற்றங்கரைக்கு இழுக்கும். ஒவ்வொரு கட்டையிலும் வாங்கியவரின் குறியைக் கோடாரியால் செதுக்குவார்கள். பனி உருகி குளோம்மா ஆறு பெருகும்போது எல்லாருடைய கட்டைகளும் கலந்து மிதந்துவரும்; கீழே குறி பார்த்துப் பிரிப்பார்கள். நீர்விசை மில்லில் அறுத்த பலகை அடுத்த பனிக்குக் காத்திருக்கும். அப்புறம்தான் லில்லஸ்த்ரோம் பக்கத்திலிருந்து விவசாயிகள் சறுக்குவண்டியில் கிறிஸ்தியானியாவுக்கு, அதாவது இன்றைய ஓஸ்லோவுக்கு, ஏற்றிவருவார்கள். ஒரு பலகைக்கு இரண்டு குளிர்காலம்! அதுவரை பணம் முடங்கிக் கிடக்கும். கடன் கிடைக்கும் ஆள்தான் இந்தத் தொழிலில் நிற்க முடியும்.

எய்ட்ஸ்வோல் மாளிகை இவருடையதா?
இல்லை. 1814-இல் நார்வேயின் அரசியலமைப்பு எழுதப்பட்ட அந்த வீடு ஒன்றுவிட்ட சகோதரர் கார்ஸ்டன் ஆங்கருடையது. பெயரை முழுதாகப் படியுங்கள்.

1814-இல் பிரதமரானவர் இவர்தானே?
அது தம்பி பேடர். பெர்ன்ட் 1805-லேயே இறந்துவிட்டார். மறுபடி சொல்கிறேன், முழுப் பெயர்!

மரம் அறுக்கும் மில்களைக் கட்டுப்படுத்திய 1688 அரசாணை காட்டைக் காக்கத்தானே வந்தது?
அரசு சொன்ன காரணம் அது. உரிமம் பெற்ற மில்கள் மட்டுமே ஏற்றுமதிக்கு அறுக்கலாம், அதுவும் ஆண்டுக்கு இத்தனை பலகை என்ற கணக்கில்.

காடு அழிந்தது உண்மைதானே? கட்டுப்பாடு தவறா?
கட்டுப்பாட்டைக் குறை சொல்லவில்லை. பாரம் யார் தலையில் விழுந்தது என்று பாருங்கள். தன் ஓடையில் சின்ன மில் வைத்திருந்த விவசாயிக்கு ஏற்றுமதி அறுப்பு பறிபோனது. மரம் அவனுடையது, விலை நகரத்து வணிகர் சொல்வது. இந்த நிலை 1860 வரை நீடித்தது. ஆங்கரின் திறமையை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தச் செல்வத்தைப் பேசும்போது இந்த விவசாயியை விட்டுவிடக் கூடாது.

எய்ட்ஸ்வோல் வீட்டுக்கு பெர்ன்ட் எப்போது குடிபோனார்?
மேலே பாருங்கள்.

சொத்து என்ன ஆயிற்று?
பிள்ளைகள் இல்லை. சொத்து சிதறாமல் ஒரே அறக்கட்டளையாக நிற்க ஏற்பாடு செய்துவிட்டுப் போனார். 1807-இல் பிரிட்டனுடன் போர் மூண்டு கடல்வழி அடைபட்டது. முக்கியச் சந்தையே பிரிட்டன்தான். 1819-இல் அறக்கட்டளை திவாலானது. அரசுக்கு எழுதிவைத்த நகர மாளிகை மட்டும் நின்றது. 1942-இல் அதுவும் எரிந்துபோனது.