குட்டியானைக்கு (டாடா ஏஸ்) கிளட்ச் பிளேட் மட்டும் மாற்றினால் போதுமா, முழு செட்டும் போட வேண்டுமா?

கேள்வியோடு, 'டிரைவர் அரை கிளட்சிலேயே ஓட்டிக் கெடுத்துவிட்டான்' என்றும், அதாவது கிளட்ச் பெடலிலிருந்து காலை முழுதாக எடுக்காமலேயே ஓட்டினான் என்றும், எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் இந்தப் பதில்.

பிளேட் மட்டும் போதாது. பிரஷர் பிளேட் (கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிப்பது), ரிலீஸ் பேரிங் (பெடலை மிதித்தால் அந்தப் பிடியை விடுவிப்பது) எல்லாம் சேர்த்து செட்டாகவே போடுங்கள். ஸ்பேர்ஸ் கடைக்காரனுக்காகப் பேசுகிறேன் என்று யாராவது கிளம்பி வருவார்கள். கியர் பாக்ஸை இறக்கி ஏற்றுவதுதான் இதில் பெரிய வேலை. பழைய பேரிங் பிறகு கத்த ஆரம்பித்தால் அதே கூலியை இன்னொரு தடவை கொடுக்க வேண்டும். பிளேட் ஒட்டிச் சுற்றும் ஃப்ளைவீலில் கோடு விழுந்திருந்தால் லேத்தில் கொடுத்து ஃபேசிங் போட்டு மட்டமாக்கிவிடுங்கள்.

இனி டிரைவர் விஷயம். சொந்த வண்டி வாங்குமுன் மேட்டுப்பாளையத்தில் ஒருவரிடம் குட்டியானை ஓட்டினேன். குன்னூர் ரோட்டில் 14 கொண்டை ஊசி வளைவுகள். லோடோடு ஏறும்போது இன்ஜின் கத்தும், வண்டி நகராது. நான் கிளட்சில் காலை வைத்தே ஓட்டுகிறேன் என்று சொல்லி ஓனர் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். பாக்ஸை இறக்கிப் பார்த்தால் பிளேட்டில் உராயும் லைனிங் தேயாமல் நன்றாகவே இருக்கிறது, அதைப் பிடித்திருக்கும் ரிவெட் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. ஆனால் பிளேட் முழுக்க ஆயில். கிராங்க் பின்பக்க ஆயில் சீல் போயிருந்தது. ஆயில் பட்ட பிளேட்டை யார் ஓட்டினாலும் அது வழுக்கத்தான் செய்யும். பிடித்த பணம் கடைசிவரை வரவில்லை.

கிளட்சிலிருந்து காலை எடுக்காத டிரைவர்களே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் முக்கால் டன் வண்டியில் 30 மூட்டை சிமெண்ட், அதாவது ஒன்றரை டன், ஏற்றச் சொல்வது யார்? ஏற்ற மாட்டேன் என்றால் மறுநாள் வேறு டிரைவர் சீட்டில் இருப்பான். ரோட்டில் பிடித்தால் மட்டும் முதலில் கேட்பது எங்கள் லைசென்சைத்தான்.

கழற்றிய பிளேட்டை நீங்களே கையில் வாங்கிப் பாருங்கள். ரிவெட் வரை தேய்ந்து கருகியிருந்தால் ஓட்டிய விதமாக இருக்கலாம், ஓவர்லோடாக இருக்கலாம், ஃப்ரீ பிளே (பெடலில் இருக்க வேண்டிய சின்ன லூஸ்) இல்லாமல் கேபிளை இழுத்து வைத்ததாகவும் இருக்கலாம். ஆயில் இருந்தால் சீல்தான். மோந்து பார்த்து கியர் ஆயில் நாற்றம் அடித்தால் பாக்ஸ் பக்கத்து சீலைப் பாருங்கள். சீலை மாற்றாமல் புது செட் போட்டால் அதுவும் நனைந்து வீணாகும். சம்பளத்தில் கை வைப்பதை இதையெல்லாம் பார்த்த பிறகு பேசுங்கள்.