மூன்று பவுனும் ஓர் ஐந்து இலக்க எண்ணும்

கேள்வி: என் அம்மாவின் பாட்டனார் தென்னாப்பிரிக்காவில் உள்ள நேட்டாலுக்குக் கப்பலேறியவர், ஊர் திரும்பவே இல்லை. அவர் எழுதிய இரண்டு கடிதங்கள் மட்டும் எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் இருக்கின்றன. முதல் கடிதத்தில் ‘சார்வரி ௵ ஆவணி ௴’ (சார்வரி வருடம், ஆவணி மாதம்) என்றும், ‘இங்கே வந்து இரண்டு வருஷம் ஆகுது’ என்றும் எழுதியிருக்கிறார். பெயருக்குக் கீழே ஐந்து இலக்க எண் ஒன்று உள்ளது. இரண்டாவது ‘ஆனந்த ௵ ஐப்பசி ௴’ எழுதியது. அதில் ‘தலைக்கு மூணு பவுன் இனிமேல் இல்லையென்று ஆச்சுது’ என்று ஒரு வரி. அவர் கொடுத்தனுப்பிய மூன்று பவுன் நகையைப் பங்காளி ஒருவர் அமுக்கிக்கொண்டார் என்று சொல்லி, அந்தக் குடும்பத்தோடு எங்களுக்கு இன்றுவரை பேச்சு வார்த்தை இல்லை. இந்தக் கடிதங்களைக் கொண்டு அவர் வாழ்ந்த வாழ்க்கையை அறிய முடியுமா?

பதில்: முடியும். ஆனால் முதல் வேலையாக அந்தப் பங்காளி வீட்டுக்கு ஒருமுறை போய் வாருங்கள். கடிதத்தில் உள்ள பவுன் தங்கமன்று, வரி.

தமிழ் வருடங்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருபவை. ஆகவே சார்வரி என்பது 1840, 1900, 1960 ஆகிய எந்த ஆண்டாகவும் இருக்கலாம். ஒப்பந்தக் கூலிகளோடு நேட்டாலுக்கு முதல் கப்பல் சென்னையிலிருந்து போய்ச் சேர்ந்தது 1860 நவம்பரில். அந்த முறை நின்றது 1911இல். எனவே உங்கள் சார்வரி 1900தான். அவர் அங்கே போய் இறங்கியது 1898 வாக்கில். ஆனந்த வருடத்து ஐப்பசி 1914 அக்டோபர், நவம்பர். நேட்டாலில் 1895இல் வந்த சட்டத்தின்படி, அதற்குப் பின் ஒப்பந்தத்தில் வந்தவர்கள் ஐந்தாண்டு முடிந்ததும் ஊர் திரும்ப வேண்டும், அல்லது மறுபடி ஒப்பந்தத்துக்கு உட்பட வேண்டும், இரண்டுக்கும் இசையாதவர்கள் ஆண்டுக்கு மூன்று பவுன் (இருபது ஷில்லிங் சேர்ந்தது ஒரு பவுன், ஆங்கிலேயர் பணம்) வரி கட்ட வேண்டும். முதலாண்டில் மாதம் பத்து ஷில்லிங் கூலி வாங்கிய ஆளுக்கு அது ஆறு மாதச் சம்பளம். காந்தி முன்னின்று நடத்திய 1913ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, 1914இல் அந்த வரி நீக்கப்பட்டது. அதைத்தான் உங்கள் கொள்ளுத்தாத்தா சில மாதங்களுக்குள் ஊருக்கு எழுதியிருக்கிறார். அது நிம்மதியில் எழுதிய வரி, புகார் அன்று.

‘தலைக்கு’ என்ற சொல்லையும் கவனியுங்கள். பெண்களும் அந்த வரியைத் தனியே கட்ட வேண்டியிருந்தது; 16 வயது கடந்த மகனுக்கும் 13 வயது கடந்த மகளுக்கும்கூட உண்டு. தனியாளாக இருந்தவர் ‘தலைக்கு’ என்று எழுதியிருப்பாரா என்பது என் ஐயம். ஊகம்தான்; ஆனாலும் அங்கே அவருக்கு இன்னொரு குடும்பம் இருந்திருக்கலாம் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் பக்குவமாகச் சொல்லி வைப்பது நல்லது.

இனி அந்த எண். அது வீட்டு எண்ணோ கடன் கணக்கோ அன்று; குடியேறிய ஒவ்வொருவருக்கும் நேட்டால் அரசு கொடுத்த பதிவெண்ணாகவே இருக்க வேண்டும். பெயரை நம்பித் தேடினால் திண்டாடுவீர்கள். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதில் கவுண்டர் கோவெண்டர் ஆனார், முதலியார் மூட்லி ஆனார். அடுத்த தலைமுறையில் தகப்பன் பெயரே குடும்பப் பெயராகிவிடுவதும் உண்டு. எண் மட்டும் மாறாது. கப்பல் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடலில் உள்ள தழும்பு அல்லது மச்சம் ஆகியவை இருக்கும். சாதி என்று எழுதியதை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். ஆள் பிடிப்பவர் விரும்பியதைச் சொன்னவர்கள் உண்டு. குடியேற்றத் துறையின் கோப்புகள் பீட்டர்மரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அங்கேயே, இறந்தவர்களின் சொத்துக் கோப்புகளில் உள்ள இறப்பு அறிவிப்பைக் கேளுங்கள். அதில் பெற்றோர், மனைவி, மக்கள் பெயர்களை எழுதும் வழக்கம் உண்டு.

காப்பகத்துக்கு எழுதும் முன் இரு கடிதங்களையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். அந்தக் காலத்துக் கையெழுத்தில் பல இடங்களில் புள்ளி இராது. எண்களும் தமிழ் எண்களாக இருக்கலாம். கடிதத்தில் ‘௭’ என்று இருந்தால் அது ஏழு. அதை எழுத்து என்று விட்டுவிட வேண்டாம்.

கேள்வி: எங்கள் பாட்டனார் மலேயாவுக்குக் கங்காணியோடு போனவர். அவருக்கும் இப்படி எண் உண்டா?

பதில்: எதிர்பார்க்க வேண்டாம். கங்காணி ஊரிலிருந்து உறவும் சுற்றமுமாக அழைத்துப் போனவர்களுக்கு, ஆள் ஆளாகத் தழும்பு பார்த்து எழுதிய நேட்டால் பட்டியல் போன்ற ஒன்று கிடைப்பது அரிது. ஊரிலேயே தேடுங்கள்: அவர் அனுப்பிய பணத்தில் நிலம் வாங்கியிருந்தால் கிரயப் பத்திரத்தில் அவர் இருந்த இடம் எழுதப்பட்டிருக்கலாம், கோயில் உபயக் கல்லையும் ஒருமுறை பாருங்கள். பாட்டி புழங்கிய பித்தளை அண்டாவைக் கவிழ்த்து, விளிம்பைப் புளி போட்டுத் தேய்த்துப் பாருங்கள். பெயரும் ஊரும் வெட்டிய பாத்திரங்களை நானே பார்த்திருக்கிறேன்.